அட்டைப்பெட்டியின் வலிமையும் சிக்கனமும்

கிடங்கிலிருந்து வீட்டுக்கு வரும் நுகர்பொருள்களில் பெரும்பாலானவற்றைச் சுமந்து வருவது நெளி அட்டைப்பெட்டி. இரண்டு தட்டைத் தாள்கள், அவற்றுக்கு நடுவே அலை அலையாக நெளிக்கப்பட்ட ஒரு தாள், மூன்றையும் பிணைக்கும் மாவுப் பசை. அதன் உடல் அவ்வளவுதான். தொழிலில் இதை 3 பிளை என்பார்கள். இன்னொரு நெளித் தாளும் இன்னொரு தட்டைத் தாளும் சேர்ந்தால் 5 பிளை; மேலும் ஒரு ஜோடி சேர்ந்தால் 7 பிளை. பசையும் மக்காச்சோளம், மரவள்ளி போன்றவற்றின் மாவில் காய்ச்சப்படுவதுதான். ஆகவே பெட்டி முழுவதும் செடி கொடிகளிலிருந்து வந்த பொருள்; தண்ணீரில் ஊறவைத்தால் மறுபடி கூழாகிவிடும். மறுசுழற்சிக்கு இது பெரிய வரம். மழைக்காலக் கிடங்கிலோ இதுவே பெரிய பலவீனம்.

தட்டைத் தாள் தனியாக நிற்காது, வளைந்து சாயும். நெளித் தாள் இரு தட்டைத் தாள்களையும் ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி நிறுத்துவதால், வளைவை எதிர்க்கும் விறைப்பு பல மடங்கு கூடுகிறது. இரும்பு உத்தரத்தின் மேல் கீழ்ப் பட்டைகளை நடுத்தகடு விலக்கி நிறுத்துவதும் இதே காரணத்துக்காகத்தான். நெளிகள் செங்குத்தாக நின்றால் அவை மெல்லிய தூண்களின் வரிசையாகிச் சுமை தாங்குகின்றன. கிடையாகப் படுத்துவிட்டால் அந்தப் பலன் பெருமளவு போய்விடும். பக்கச் சுவர்களில் நெளி மேலிருந்து கீழாக ஓட வேண்டும் என்பது இதனால்தான் வடிவமைப்பின் முதல் விதி. அட்டைத் தாளில் அதிகப் பெட்டிகளை வெட்டி எடுக்கும் ஆசையில் இந்தத் திசையை மாற்றுகிறவர்கள், மிச்சப்படுத்திய காகிதத்தைவிட அதிகமான பொருளை உடைத்துக்கொள்கிறார்கள்.

நெளித்த தாள் முதலில் பெட்டிக்காகப் பிறந்தது அல்ல. 1856-இல் இங்கிலாந்தில் ஹீலி, ஆலன் என்ற இருவர் அதற்குக் காப்புரிமை பெற்றபோது, உயரமான தொப்பிகளின் உள்பட்டையாகத்தான் அது இருந்தது. 1871-இல் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஜோன்ஸ் கண்ணாடிப் புட்டிகளையும் விளக்குச் சிம்னிகளையும் சுற்றுவதற்கு அதைக் கொண்டுவந்தார். 1874-இல் ஆலிவர் லாங் நெளியோடு தட்டைத் தாளையும் ஒட்டும் முறையைச் சேர்த்தார். புரூக்ளினில் காகிதப்பை செய்துவந்த ராபர்ட் கேர், அட்டையை ஒரே அழுத்தில் வெட்டி மடிப்புக் கோடும் போடும் வழியைக் கண்டார். அதன் பிறகு பெட்டிகள் தட்டையாகவே பயணம் செய்து, பொருள் நிரப்பும் இடத்தில் வந்து நிமிர்ந்தன. காலிப் பெட்டியோடு காற்றையும் ஏற்றிச் செல்லும் வீண்செலவு அங்கேயே ஒழிந்தது.

அமெரிக்க ரயில் நிறுவனங்கள் நெடுங்காலம் மரப்பெட்டிக்கே சலுகை காட்டின. அட்டைப்பெட்டியில் வந்த சரக்குக்குக் கூடுதல் கட்டணம் கேட்டன. 1914-இல் பிரிதாம் வழக்கில் அந்நாட்டின் மாநிலங்களிடை வணிக ஆணையம் இந்தப் பாகுபாட்டைச் செல்லாததாக்கியது. ஆனால் ரயில்வே விதிகள் பெட்டியின் தரத்தை அளந்த முறையில் ஒரு குறை தங்கிவிட்டது. தட்டைத் தாள்களின் எடை இவ்வளவு இருக்க வேண்டும், அட்டையை அழுத்தி வெடிக்கச் செய்ய இவ்வளவு அழுத்தம் தேவைப்பட வேண்டும் என்றே அவை சொல்லின. பெட்டி எவ்வளவு சுமை தாங்கும் என்று கேட்கவில்லை. 1991-இல்தான் அந்த விதிகள் திருத்தப்பட்டு, அட்டையைச் செங்குத்தாக நிறுத்தி விளிம்பை நசுக்கிப் பார்க்கும் சோதனையும் மாற்று வழியாக ஏற்கப்பட்டது. அதே சுமையை எடை குறைந்த காகிதத்தில் தாங்க முடியும் என்று நிரூபிக்கும் வாய்ப்பு அப்போதுதான் ஆலைகளுக்குக் கிடைத்தது.

இந்தியச் சந்தையில் இன்றும் வெடிப்பு வலிமையைக் கொண்டே பேரம் நடக்கிறது. காகிதத்தின் கனம் ஜி.எஸ்.எம். கணக்கில், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று சொல்லப்படும். அதனோடு வரும் பி.எஃப். என்ற எண் காகிதத்தின் வெடிப்பு வலிமையை அதன் எடையோடு ஒப்பிட்டுக் காட்டுவது. 150 ஜி.எஸ்.எம்., 20 பி.எஃப். தாள் என்றால் இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க வேண்டும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோ அழுத்தம் வரை அது கிழியாது. இந்த அளவு பயனற்றது அல்ல. கூர்மையான பொருள் உள்ளிருந்து குத்தும்போதும், பெட்டியை முரட்டுத்தனமாகத் தூக்கும்போதும் வெடிப்பு வலிமை காக்கும். ஆனால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பெட்டிகளில் அடிப்பெட்டி நிற்குமா, நசுங்குமா என்பதற்கு அது விடை சொல்லாது. கிடங்கில் சேதமாகும் பெட்டிகளில் மிகப் பல, கிழிந்து போனவை அல்ல, நசுங்கிப் போனவை. தவறான எண்ணைக் கேட்டு வாங்கும் வரை, தடித்த காகிதத்துக்குக் கொடுக்கும் பணம் தேவையான இடத்தில் வேலை செய்யாது.

நெளியின் உயரத்தைப் பொறுத்து அட்டைக்கு எழுத்துப் பெயர்கள் உண்டு. ஏ நெளி அட்டை ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் தடிப்பு. சி நெளி 4, பி நெளி 3, இ நெளி ஒன்றரை. எழுத்து வரிசைக்கும் உயர வரிசைக்கும் தொடர்பில்லை. உயரமான நெளி அடுக்குச் சுமையையும் அதிர்ச்சியையும் நன்றாகத் தாங்கும். குட்டை நெளி அச்சுக்கு வழவழப்பான முகம் தரும், தட்டையாக அழுத்தினால் எளிதில் நசுங்காது. நெளிக்கும்போது தாள் சுருங்குவதால் ஒரு மீட்டர் சி நெளி அட்டைக்கு ஏறத்தாழ 1.45 மீட்டர் தாள் செலவாகும். பி நெளிக்கு 1.35 மீட்டர் அளவு. சிறு பொருள்களைத் தனித்தனியாக அனுப்பும் தபால் பெட்டிக்கு இ அல்லது பி நெளி போதும். அடுக்கி வைக்கப்படும் சரக்குப் பெட்டிக்கு சி நெளி பொருத்தம். இரண்டுக்கும் ஒரே அட்டையை வாங்குவது வசதியாகத் தோன்றும். இரண்டில் ஒன்றிலாவது காகிதம் வீணாகும்.

பெட்டி எவ்வளவு சுமை தாங்கும் என்பதை அட்டையின் அளவுகளிலிருந்தே கணித்துவிடலாம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் ஆப்பிள்டனில் இருந்த காகித வேதியியல் நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் மெக்கீயும் உடன் பணியாற்றிய இருவரும் 1963-இல் இதற்கு ஒரு சூத்திரம் தந்தார்கள். அட்டையின் தடிப்பையும் பெட்டியின் சுற்றளவையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். அதை விளிம்பு நசுக்கு வலிமையாலும் 5.87 என்ற மாறிலியாலும் பெருக்கினால் பெட்டியின் தாங்கு திறன் கிடைக்கும். 40 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 25 உயரம் கொண்ட பெட்டியை எடுத்துக்கொள்ளலாம். சுற்றளவு 1.4 மீட்டர். அட்டைத் தடிப்பு 4 மில்லிமீட்டர், விளிம்பு வலிமை மீட்டருக்கு 5 கிலோநியூட்டன் என்றால், பெட்டி ஏறத்தாழ 2,200 நியூட்டன் தாங்கும். அதாவது சுமார் 224 கிலோ. இந்தச் சூத்திரத்தில் ஒளிந்திருக்கும் பாடம் கவனிக்கத்தக்கது. தடிப்பை இரட்டிப்பாக்கினாலும் வலிமை 41 விழுக்காடுதான் கூடும். விளிம்பு வலிமை இரட்டித்தால் பெட்டியின் வலிமையும் இரட்டிக்கும். நல்ல நார் கொண்ட தாளுக்குக் கொடுக்கும் காசு, வெறும் கனத்துக்குக் கொடுக்கும் காசைவிட அதிகம் உழைக்கிறது.

அந்த 224 கிலோ என்பது ஆய்வுக்கூடத்தில், உலர்ந்த காற்றில், சில நொடிகளுக்கு மட்டும் கிடைக்கும் எண். கிடங்கில் அது வேகமாகத் தேய்கிறது. ஈரப்பதம் 50 விழுக்காட்டில் இருக்கும்போது உள்ள வலிமையை 100 என்று கொண்டால், 80 விழுக்காட்டில் அது சுமார் 68 ஆகும். 90 விழுக்காட்டில் பாதிக்கும் கீழே. காலமும் தின்கிறது. தொடர்ந்து சுமை ஏற்றப்பட்ட பெட்டி பத்து நாளில் தன் வலிமையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடும். 90 நாளில் சுமார் 55 விழுக்காடுதான் எஞ்சும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர நகரங்களின் கிடங்குகளில் வடகிழக்குப் பருவமழை மாதங்களில் 80 விழுக்காட்டு ஈரப்பதம் மிகச் சாதாரணம். திருப்பூரிலிருந்து தூத்துக்குடித் துறைமுகம் வழியாகப் போகும் பின்னலாடைப் பெட்டிகளுக்குக் கப்பலிலும் இதே சிக்கல் தொடர்கிறது. பகலில் சூடேறிய கொள்கலன் இரவில் குளிரும்போது உள்ளிருக்கும் ஈரம் கூரையில் நீர்த்துளியாகத் திரண்டு பெட்டிகள் மேல் சொட்டும்.

மேலே சொன்ன பெட்டியில் 8 கிலோ பொருள் இருப்பதாகவும், எட்டுப் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்பதாகவும் கொள்வோம். அடிப்பெட்டியின் மேல் 56 கிலோ. ஈரத்துக்கு 0.68, மூன்று மாதக் காலத்துக்கு 0.55 என்று இரண்டையும் பெருக்கினால் எஞ்சும் பங்கு 0.37. அப்படியானால் பெட்டிக்குத் தொடக்கத்தில் 150 கிலோ வலிமை வேண்டும். இருப்பது 224, கவலையில்லை. ஆனால் இந்தக் கணக்கு பெட்டிகள் மூலைமேல் மூலை பொருந்த நிற்கும்போதுதான் செல்லும். செங்கல் கட்டுவதுபோல ஒரு வரிசைக்கு மறுவரிசை மாற்றி அடுக்கினால், சரிந்து விழாது என்ற நிம்மதி கிடைக்கும். வலிமையில் பாதி போய்விடும். பெட்டியின் சுமையில் பெரும்பகுதி நான்கு மூலைகளின் வழியே இறங்குவதே காரணம். சுவரின் நடுப்பகுதி சிறிது சுமையிலேயே புடைத்துக்கொள்ளும். மூலையோ கடைசி வரை நிமிர்ந்து நிற்கும். மேல் பெட்டியின் மூலை கீழ்ப் பெட்டியின் நடுவில் உட்கார்ந்தால், நிற்கக்கூடிய பகுதிக்கு வேலை இல்லாமலும் நிற்க முடியாத பகுதிக்குச் சுமையாகவும் ஆகிறது. இப்போது தேவைப்படும் வலிமை 300 கிலோவை நெருங்குகிறது; அதே பெட்டி நசுங்கிவிடும். மரத்தட்டின் விளிம்புக்கு வெளியே பெட்டி நீட்டிக்கொண்டு நின்றாலும் இதே கதிதான்.

இந்த இடத்தில் பல நிறுவனங்கள் எடுக்கும் முடிவு 5 பிளைக்கு மாறுவது. அடுக்கும் முறையை மாற்றி, மேலே சுற்றுப்பட்டையோ மெல்லிய உறையோ போட்டு அடுக்கைக் கட்டினால் பழைய 3 பிளையே போதும். சிறு செலவில் முடியும் திருத்தம் கையருகே இருக்கும்போது ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு தாள் கூட்டுவது சரியான பொறியியல் ஆகாது.

பெட்டியில் போடும் கைப்பிடித் துளைகளும் காற்றுத் துளைகளும் மூலையிலிருந்து விலகி இருக்க வேண்டும் என்பதும் சுமை மூலைகளின் வழியே இறங்குவதால்தான். முகம் முழுக்க மை பூசும் கனத்த அச்சில் உருளையின் அழுத்தம் நெளியைச் சற்றே நசுக்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத இந்தச் சேதம் வலிமையைக் குறைக்கும். பெயரும், எச்சரிக்கைக் குறிகளும், பட்டைக் குறியீடும் மட்டும் அச்சிட்ட பெட்டி மையையும் மிச்சப்படுத்துகிறது, நெளியையும் காக்கிறது.

அடுக்குச் சுமை பெட்டியின் ஒரு பகை. வீழ்ச்சி இன்னொன்று. வீட்டுக்குத் தனித்தனியாகப் போகும் பார்சலுக்கு இரண்டாவதுதான் பெரிது. கையிலிருந்து நழுவும் பெட்டி ஏறத்தாழ இடுப்புயரத்திலிருந்து விழுகிறது. 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள், உள்ளே இருக்கும் மெத்தென்ற நிரப்பு 2 சென்டிமீட்டர் அமுங்குவதற்குள் நிற்கிறது என்று கொள்வோம். நிரப்பு தொடக்கம் முதல் இறுதி வரை சீராக எதிர்த்தால், பொருள் உணரும் விசை அதன் எடையைப்போல் ஏறத்தாழ 38 மடங்கு. வில் போல அமுங்க அமுங்கக் கூடுதலாக எதிர்க்கும் நிரப்பானால் உச்ச விசை அதன் இரு மடங்கு. நிற்கும் தூரம் பாதியானால் விசை இரட்டிக்கும். பாதுகாப்பு உண்மையில் இந்தத் தூரத்தில்தான் இருக்கிறது. 1945-இல் பெல் ஆய்வகத்தின் ரேமண்ட் மிண்ட்லின் இந்தக் கணக்கை முழுமையான கோட்பாடாக எழுதினார். பொதி கட்டுதல் கைப்பழக்கம் என்ற நிலையிலிருந்து பொறியியலாக மாறியதில் அந்தக் கட்டுரைக்குப் பெரிய பங்கு உண்டு.

இதிலிருந்து கிடைக்கும் முடிவு பலருக்கு வியப்பாக இருக்கும். நிரப்பு அதிகமானால் பாதுகாப்பு கூடும் என்பது எப்போதும் உண்மையல்ல. இலேசான பொருளுக்கு அடியில் அகன்ற, கெட்டியான நிரப்பைப் பரப்பினால் அது அமுங்கவே அமுங்காது. பொருள் கல்லில் விழுந்ததுபோலத்தான் உணரும். மாறாக, கனமான பொருளைச் சிறிய திண்டுகள் மேல் வைத்தால் அவை முழுக்க நசுங்கித் தரையைத் தொட்டுவிடும். ஒரு சதுர சென்டிமீட்டர் நிரப்பின் மேல் எவ்வளவு எடை உட்காருகிறது என்பதே சரியான அளவு. அந்த அளவைக் கணித்து, பொருளின் நான்கு மூலைகளை மட்டும் தாங்கும் அட்டைத் திண்டுகளைச் செய்தால், பெட்டி முழுக்க அடைத்த தாள் உருண்டைகளைவிடக் குறைந்த காகிதத்தில் மேலான காப்பு கிடைக்கும்.

நிரப்பைத் தேர்வதற்கு முன்னால் பொருளையே பார்க்க வேண்டும். ஒரு மின்சாதனத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் குமிழ் ஒன்றுதான் ஒவ்வொரு முறையும் உடைகிறது என்றால், பெட்டியைப் பெரிதாக்குவதைவிட அந்தக் குமிழைத் திருத்துவது மலிவு. ஐகியா நிறுவனம் 1956-இல் மேசையின் கால்களைக் கழற்றித் தட்டையான பெட்டியில் விற்கத் தொடங்கியது இந்த வழியில் எடுத்த முடிவு. காலைக் கழற்றியதும் உடையக்கூடிய நீட்டலும் போனது, காலியிடமும் போனது.

இனி அட்டையின் அளவு. உலகெங்கும் மிகுதியாகச் செய்யப்படும் பெட்டி, ஐரோப்பிய அட்டைப்பெட்டி உற்பத்தியாளர் கூட்டமைப்பான ஃபெஃப்கோவின் பட்டியலில் 0201 என்ற எண் பெற்றது. மேலும் கீழும் நான்கு நான்கு மடல்கள். நீளப்பக்க மடல்கள் நடுவில் சந்திக்கும். இதற்குச் செலவாகும் அட்டையைக் கணக்கிட நீளத்தையும் அகலத்தையும் கூட்டி, உயரத்தையும் அகலத்தையும் கூட்டி, இரண்டையும் பெருக்கி இரட்டிக்க வேண்டும். 40, 40, 20 சென்டிமீட்டர் அளவுள்ள பொருளை 40-க்கு 40 முகத்தின் வழியே திறக்கும்படி செய்தால் ஏறத்தாழ 0.96 சதுர மீட்டர் அட்டை தேவை. அதே பொருளை 40-க்கு 20 முகத்தின் வழியே திறந்தால் 0.72 சதுர மீட்டர் போதும். உள்ளே இருக்கும் இடம் ஒன்றே; அட்டையில் கால் பங்கு மிச்சம். 150 ஜி.எஸ்.எம். தாள்களால் ஆன 3 பிளை சி நெளி அட்டையில் இது பெட்டிக்கு 124 கிராம். பத்தாயிரம் பெட்டிக்கு ஒன்றேகால் டன் காகிதம். அகலப்பக்க மடல்கள் நீளப்பக்க மடல்களுக்கு அடியில் ஒளிந்துகொள்வதால், திறக்கும் முகம் பெரிதாகும்போதெல்லாம் இரட்டைத் தாளாக அட்டை செலவாகிறது என்பதே காரணம். இந்த வகைப் பெட்டியில் அட்டை மிகக் குறைவாகச் செலவாகும் விகிதம் நீளம் 2, அகலம் 1, உயரம் 2. கனசதுரப் பெட்டியோடு ஒப்பிட்டால் அதே கொள்ளளவுக்கு 11 விழுக்காடு மிச்சம்.

விகிதம் மட்டும் முடிவு செய்யாது. குறுகிய வாய் வழியே பொருளை நுழைக்க முடியாவிட்டால் கட்டுகிறவரின் வேலை இரட்டிக்கும். சுற்றளவு 160-லிருந்து 120 சென்டிமீட்டராகக் குறைவதால் தாங்கு திறனும் சுமார் 13 விழுக்காடு குறையும். அடுக்குச் சுமை குறைவாக இருக்கும் பார்சலுக்கு அந்த இழப்பு பெரிதல்ல. எட்டடுக்கில் நிற்கும் சரக்குக்கு யோசித்தே செய்ய வேண்டும். மரத்தட்டில் போகும் பெட்டியானால் அடியின் அளவு 600-க்கு 400 மில்லிமீட்டர் என்ற பன்னாட்டு அலகிலோ அதன் பங்குகளான 400-க்கு 300, 300-க்கு 200 அளவுகளிலோ அமைவது நல்லது. 1200-க்கு 800, 1200-க்கு 1000 ஆகிய இரு தட்டுகளிலும் இடைவெளியின்றி அவை பொருந்தும்.

பெட்டியின் உள்ளே மிஞ்சும் காலியிடம் மூன்று முறை தண்டம் வாங்குகிறது. அதை மூட அட்டை வேண்டும். அதை அடைக்க நிரப்பு வேண்டும். அதை ஏற்றிச்செல்ல வண்டியில் இடம் வேண்டும். கூரியர் நிறுவனங்கள் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கிப் பெரும்பாலும் 5000-ஆல் வகுத்து, அதைக் கன அளவு எடை என்று கணக்கிடுகின்றன. உண்மை எடையைவிட அது அதிகமானால் கட்டணம் அதற்கே. 40, 30, 25 அளவுப் பெட்டியில் ஒன்றரைக் கிலோ பொருள் போனாலும் 6 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். அதே பொருள் 30, 20, 15 அளவில் அடங்கினால் 1.8 கிலோதான். 2015-இல் அமெரிக்காவின் ஃபெடெக்ஸ், யு.பி.எஸ். நிறுவனங்கள் தரைவழிப் பார்சல்கள் எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கை விரித்த பிறகு, பெட்டியைப் பொருளுக்குப் பொருத்துவது அங்கே சூழல் அக்கறை மட்டுமல்லாமல் வரவுசெலவுக் கணக்காகவும் ஆனது. பாதுகாப்பும் இதே பக்கம்தான் நிற்கிறது. காலியிடம் உள்ள பெட்டியில் பொருள் உருண்டு வேகம் பெற்றுச் சுவரில் மோதும். மேல்மூடிக்கு உள்ளிருந்து ஆதரவில்லாததால் அடுக்கும்போது குழிந்து இறங்கும்.

பல பொருள் விற்கும் கடைக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி வைக்க முடியாது. பெட்டி அளவுகள் குறைந்தால் காலியிடம் கூடும். அளவுகள் கூடினால் சரக்கறை நிரம்பும், கட்டுகிறவர் தவறான பெட்டியை எடுப்பார். ஓராண்டு விற்பனைப் பட்டியலிலிருந்து பொருள்களின் அளவுகளை எடுத்து, அதிகம் போகும் அளவுகளைச் சுற்றிப் பெட்டிகளை அமைப்பதே வழி. வாங்க எளிதாகக் கிடைக்கும் அளவுகளைச் சுற்றி அல்ல. பெரிய கிடங்குகளில் தொடர் மடிப்பாக வரும் அட்டையிலிருந்து ஒவ்வொரு ஆர்டருக்கும் அளவெடுத்துப் பெட்டி வெட்டும் எந்திரங்கள் இயங்குகின்றன. சிறு வணிகருக்கு எளிய மாற்று ஒன்று உண்டு. பெட்டிச் சுவரில் கூடுதலாக இரண்டு மூன்று மடிப்புக் கோடுகளைப் போட்டுத் தரச் சொன்னால், பொருளின் உயரத்துக்கேற்ப மூலையைக் கீறி அந்தக் கோட்டில் மடித்துக்கொள்ளலாம். ஒரே பெட்டி மூன்று உயரங்களுக்கு உதவும்.

உள்ளே பொருளை நிறுத்த அட்டையையே பயன்படுத்துவது சிறந்தது. ஒரே துண்டாக வெட்டி மடித்துச் செருகும் தாங்கிகள், புட்டிகளுக்கு இடையே நிற்கும் குறுக்குத் தடுப்புகள், விரித்தால் தேன்கூடுபோலப் பிரியும் கீறிய தாள் எல்லாம் பெட்டியோடு சேர்ந்தே கூழாகும். வார்த்தெடுத்த காகிதக் கூழும் நல்லது. முட்டை அட்டைகளில் நாம் பார்த்துப் பழகிய இந்த வழி இன்று கைபேசிப் பெட்டிகளுக்கும் வந்துவிட்டது. தெர்மாகோலை அட்டையில் ஒட்டிவிடுவது மிகத் தவறான வழி. தனித்தனியாக இருந்தால் இரண்டையும் பிரிக்கலாம். ஒட்டிவிட்டால் இரண்டும் குப்பை.

மூடும் முறை திருட்டையும் தடுக்கிறது, சிதைவையும் தடுக்கிறது. பழுப்புப் பிளாஸ்டிக் டேப் அட்டையின் மேல்முகத்தில் ஒட்டிக்கொள்கிறதே தவிர நாருக்குள் இறங்குவதில்லை. தூசி படிந்த மறுசுழற்சி அட்டையில் அது எளிதில் பெயரும். நிதானமாக உரித்து மறுபடி ஒட்டிவிட்டால் தடயமும் தெரியாது. அதனால்தான் ஒரே பெட்டிக்கு மூன்று சுற்று டேப் போடும் பழக்கம் வந்தது. ஈரமாக்கி ஒட்டும் காகித டேப்பில் பசை நாருக்குள் ஊறிப் பிணைகிறது. அதை உரித்தால் அட்டையின் மேல்தாளும் சேர்ந்து கிழியும். யாரோ திறந்திருக்கிறார்கள் என்பது உடனே தெரியும். பெரும்பாலும் ஒரு பட்டை போதும். சிறு பெட்டிகளுக்கு மடல்கள் உள்ளே செருகிப் பூட்டிக்கொள்ளும் ஃபெஃப்கோ 0427 வகை ஏற்றது. ஒட்டும் பட்டையும் கிழிக்கும் நூலும் சேர்த்துவிட்டால் டேப்பும் வேண்டாம், கத்தியும் வேண்டாம். பெட்டியின் பக்க இணைப்புக்குக் கம்பிப் பின்னைவிடப் பசை நல்லது. பின் துருப்பிடிக்கும், பொருளைக் கீறும்.

வெளிமுகத்தில் என்ன அச்சிடுவது என்பதும் பாதுகாப்பைச் சேர்ந்ததே. விலையுயர்ந்த பொருளின் படத்தையும் பெயரையும் பெரிதாக அச்சிட்ட பெட்டி, வழியில் இருக்கும் ஒவ்வொரு கைக்கும் அழைப்பு விடுக்கிறது. மறுபுறம், கவனமாகக் கையாள வைக்கவும் அச்சு உதவும்: நெதர்லாந்தின் வான்மூஃப் நிறுவனம் தன் மிதிவண்டிப் பெட்டிகளில் தட்டைத் தொலைக்காட்சியின் படத்தை அச்சிட்ட பிறகு, போக்குவரத்துச் சேதம் 70 முதல் 80 விழுக்காடு குறைந்ததாக 2016-இல் தெரிவித்தது. தூக்குகிறவர் உள்ளே இருப்பதை என்னவென்று நினைக்கிறார் என்பது அட்டையின் தடிப்புக்கு இணையாக வேலை செய்கிறது.

வடிவமைத்த பெட்டியை விழவைத்துப் பார்க்காமல் நம்பக் கூடாது. 1948-இல் அமெரிக்காவில் தொடங்கிய, இன்று இஸ்டா எனப்படும் பன்னாட்டுப் பாதுகாப்பான போக்குவரத்துச் சங்கத்தின் அடிப்படை நெறிமுறையில், 10 கிலோவுக்குக் குறைந்த பெட்டியை முதலில் அதிரவைத்து, பிறகு 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து பத்து முறை போடுகிறார்கள்: ஒரு மூலை, அதிலிருந்து பிரியும் மூன்று விளிம்புகள், ஆறு முகங்கள். இந்தியாவில் 1966-இல் தொடங்கப்பட்ட இந்தியப் பொதிகட்டுதல் நிறுவனத்தின் சென்னை மையத்தில் இத்தகைய சோதனைகளைச் செய்துகொள்ளலாம். சோதனையில் தேறிய பெட்டியை அத்தோடு விட்டுவிடாமல், காகிதத்தைச் சற்றுக் குறைத்து மறுபடியும் சோதிப்பதே சிக்கனத்தின் வழி. எங்கே தோற்கிறது என்று தெரியாத பெட்டியில் எவ்வளவு மிகை இருக்கிறது என்பதும் தெரியாது. அதே நேரம், உடைந்து திரும்பும் ஒரு மின்சாதனத்தின் பின்னால் இருக்கும் உலோகமும் மின்சாரமும் எரிபொருளும் சில கிராம் அட்டையைவிடப் பன்மடங்கு பெரிய விரயம். சேதம் கூடும் இடத்துக்கு முந்தைய படியோடு குறைப்பை நிறுத்திவிட வேண்டும்.

பயன்படுத்திய பெட்டிக்குத் தமிழகத்தில் பழைய பேப்பர் கடை என்ற வலுவான ஏற்பாடு இருக்கிறது. அங்கிருந்து கிராப்ட் காகித ஆலைகளுக்குப் போய் அது மறுபடி பெட்டியாகிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் நார் சிறிது குட்டையாகி வலிமை இழப்பதால், புதிய நாரும் இடையிடையே சேர வேண்டியிருக்கிறது. மெழுகு பூசிய அட்டை, பிளாஸ்டிக் படலம் ஒட்டிய அட்டை, எண்ணெய் ஊறிய அட்டை ஆகியவை இந்த ஓட்டத்தை அடைக்கின்றன. ஈரத்துக்காகப் படலம் ஒட்டுவதற்குப் பதில், நீர் உறிஞ்சாத வகையில் செய்யப்பட்ட தாளை வெளிப்பக்கம் மட்டும் வைப்பது பெரும்பாலான சரக்குக்குப் போதும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய பொதிகட்டுதல் விதி 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி 2030 முதல் இணையவணிகப் பெட்டியிலும் சரக்குப் பெட்டியிலும் காலியிடம் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. தாள் துண்டு, குமிழி உறை, தெர்மாகோல் போன்றவற்றால் அடைத்த இடமும் காலியிடமாகவே கணக்கில் வரும். திருப்பூரிலும் கரூரிலும் இருந்து அங்கே சரக்கு அனுப்புகிறவர்களை இது நேரடியாகத் தொடும். ஆனால் 2030 வரை காத்திருக்க வேண்டியதில்லை. பெட்டிக்கு ஆர்டர் எழுதும்போது "5 பிளை, நல்ல தரம்" என்று முடித்துவிடாமல், உள் அளவு, பொருளின் எடை, எத்தனை அடுக்கு, எத்தனை நாள் கிடங்கு, எந்த மாதம், எந்த ஊர் என்பவற்றை எழுதி, அதற்கேற்ற விளிம்பு நசுக்கு வலிமையைப் பெட்டி செய்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.